கையுறையின் உள்பக்கம்

எம்பிராய்டரிப் பட்டறையில் அவருக்குப் பாத்தண்ணன் என்று பெயர். யார் எங்கே கிளம்பினாலும் “பாத்து” என்று சொல்லி அனுப்புவார். கடைக்குப் போகிறவனிடம் பாத்து, மாடிப்படி இறங்குகிறவளிடம் பாத்து, சும்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போகிறவனிடமும் பாத்து. அப்படியே அது பெயராக ஒட்டிக்கொண்டது. உண்மைப் பெயர் என்னவென்று கேட்டால் பட்டறையில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பயந்த சுபாவம் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். மனிதர் லிஃப்டில் ஏறமாட்டார். நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தாலும் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். போன் மணி அடித்தால், எடுப்பதற்குள் மனசுக்குள் யாரையாவது சாகடித்து, அழுதும் முடித்திருப்பார். அவருடைய மகள் சின்ன வயதில் ஊஞ்சல் ஆடியதில்லை. சைக்கிள் கற்றுக்கொண்டதே கல்யாணத்துக்கு அப்புறம், புருஷனிடம். “எங்கப்பா என்னைப் பஞ்சுல சுத்தி வளத்தாரு. அந்தப் பஞ்சு மூக்குல ஏறிடுமோன்னு அதையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாரு” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். கூடச் சேர்ந்து அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருக்கும்.

இந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது என்பதை மட்டும் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. அவர் செய்தது பஞ்சிங் வேலை. யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பள்ளிக்கூட முத்திரை, கம்பெனிச் சின்னம், பூங்கொத்து என்று ஏதாவது. படத்தைப் பார்த்து மெஷின் தானாகத் தைத்துவிடாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த நிறத்தை முடித்துவிட்டு எந்த நிறத்துக்குப் போக வேண்டும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க வேண்டும். வட்டம் போட்டால் நூல் துணியை இழுத்து அதை முட்டையாக்கிவிடுமோ என்று பயந்து, முன்கூட்டியே எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் நீட்டி வைப்பார். நூல் நெருக்கமாகித் துணி கிழியுமோ, வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்பு நூல் ஓடி வெளியே தெரியுமோ, துவைத்தால் சுருங்குமோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து, அந்தந்தப் பயத்துக்கு ஏற்ற தையலைப் போடுவார். அதனால் மெதுவாகத்தான் முடியும்.

மாதிரி தைத்து வந்ததும் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். இவர் முதலில் திருப்பிப் போடுவார். பின்பக்கத்தை விரலால் தடவி, மணிக்கட்டில் தேய்த்து, கழுத்தடியிலும் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பார். உறுத்தினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். “முன்பக்கத்த ஊரே பாக்கும். பின்பக்கத்த நம்ம பாக்கலன்னா யாரு பாப்பா?” என்பார். தையல் டேபிள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு ஆள் துணியோடு கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

பிறகு முதலாளி புது மென்பொருள் வாங்கினார். முதலாளிக்குச் சின்ன வயசு, எதிலும் அவசரம், மனசு கெட்டவர் இல்லை. அந்த மென்பொருளில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. படத்தை உள்ளே போட்டு அதை அமுக்கினால், கண் மூடித் திறப்பதற்குள் தையல் எல்லாம் தானாகப் போட்டுக் கொடுத்துவிடும். முதல் நாள் ஒரு பள்ளிக்கூட முத்திரையைப் போட்டுப் பார்த்தார்கள். காகிதத்தை யாரோ நாலாக மடித்துப் பையில் வைத்திருந்திருக்கிறார்கள். மென்பொருள் முத்திரையோடு மடிப்புக் கோட்டையும் சாம்பல் நூலில் அழகாகத் தைத்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடுவில் ஒரு நாற்சந்தி. அன்றைக்குப் பாத்தண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரொம்ப நாளைக்கு அப்புறம் பயமில்லாமல் சிரித்தார்.

ஆனால் எல்லாத் தப்பும் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற தப்பாக இருக்காது.

பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் ஒரு தொப்பி, இரண்டு காலுறை, இரண்டு கையுறை சேர்ந்த செட் ஒன்றை ஆஸ்பத்திரியே கொடுக்கப் போகிறதாம். எல்லாவற்றிலும் ஒரு முயல் முகம். இரண்டு கண், ஒரு மூக்கு, மீசை முடிகள், கன்னத்தில் பொட்டுப் பொட்டாகச் சில புள்ளிகள். பாத்தண்ணனின் மகளுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தது. தன் பேத்தியோ பேரனோ போடப் போகிற முயல் என்று நினைத்துக்கொண்டு, ஒரு காலையில் அவர் அந்த முயலின் காதிலிருந்து ஆரம்பித்தார்.

காது முடிவதற்குள் போன் அடித்தது. மனைவிதான். “வலி வந்துடுச்சுங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம்.”

அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். முதலாளி வந்து தோளைப் பிடித்தார். “நீங்க கெளம்புங்கண்ணே. போறப்ப அந்த மந்திரக்கோல அமுக்கிட்டுப் போங்க, மிச்சத்த அது பாத்துக்கும். முயல்தானே, புலியா?”

அமுக்கினார். திரையில் முயல் சிரித்தது. நூல் நூலாக, மினுமினுப்போடு, நிஜமாகவே தைத்து வைத்த மாதிரி இருந்தது. திரை எப்போதும் முன்பக்கத்தைத்தான் காட்டும். அவர் ஃபைலை மெஷினில் ஏற்றச் சொல்லிவிட்டு ஓடினார்.

அது பொய்வலி. மகளை மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தபோது மெஷினின் அத்தனை ஊசித் தலைகளும் தடதடவென்று முயலைத் தைத்துக்கொண்டிருந்தன. வெட்டிய துணிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. முதலாளி ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். “பாத்தீங்களாண்ணே. நீங்க பயந்து பயந்து செய்யறத அது ஒரு அமுக்குல செஞ்சிடுச்சு.” பாத்தண்ணன் அதை வாங்கித் திருப்பப் போனார். “போச்சு, கழுத்துல தேய்க்கப் போறாரு” என்று யாரோ சொன்னார்கள். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தபடி, திருப்பாமலேயே அதைக் கட்டின் மேல் வைத்துவிட்டார். ‘சும்மா இரு’ என்று உள்ளே எழுந்த பயத்தை அதட்டி உட்கார வைத்தார்.

அப்புறம் பேத்தி பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுத்த மாதிரி அவளுக்கும் முயல் செட் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் முயலோடு தூங்கும் பாப்பாவை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை தானாக நீண்டு ஒரு கையுறையின் விளிம்பைப் பிடித்தது.

“அப்பா, ஆரம்பிச்சுடாதீங்க. இப்பதான் தூங்குனா” என்றாள் மகள்.

“முயல் கடிச்சிடுமோன்னு பயப்படுறாரு போல” என்றாள் மனைவி.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை, முதலாளி உற்சாகமாக வந்தார். வேறொரு ஆஸ்பத்திரிக்கும் அதே முயல் வேண்டுமாம், கொஞ்சம் பெரியதாக. பாத்தண்ணன் ஃபைலைத் திறந்தார். பெரிதாக்குவதற்கு முன்னால், ஊசி எந்த வழியில் போகிறது என்று மெதுவாக ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஓட்டினார். ஊசி இடது கண்ணைத் தைத்தது. அங்கிருந்து தாவி வலது கண்ணுக்குப் போனது. அங்கிருந்து ஒரு கன்னப் புள்ளி. தாவி, இன்னொரு புள்ளி. மறுபடி தாவி, மறுகன்னம். அவர் போட்டிருந்தால் அந்தப் புள்ளிகளை எல்லாம் முதலில் முடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நூலைப் பொடித் தையலாக நடத்திக் கொண்டுபோய், மேலே வரும் மீசைத் தையலுக்கு அடியில் மறைத்திருப்பார். மறைக்க இடமில்லாத இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டச் சொல்லியிருப்பார். மந்திரக்கோலுக்கு அந்தக் கவலை இல்லை. அது படத்தில் எத்தனை நிறம் என்று மட்டும் பார்த்து, ஒரே நிறத்தில் இருந்ததை எல்லாம் ஒரே ஓட்டமாகத் தைத்தது. தாவுகிற தூரம் சின்னதாக இருந்ததால் மெஷினும் நூலை வெட்டாமல் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அவர் எழுந்து போய்க் கழிவுத் துணிப் பெட்டியைக் கிளறி, அழுக்குப் பட்டதால் ஒதுக்கியிருந்த ஒரு முயலை எடுத்தார். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. தாவிய நூல்களைப் பெண்கள் மேலே பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். திருப்பினார். துணிக்கு அடியில் ஓடும் கீழ்நூல் அப்படியே இருந்தது. கண்ணுக்குக் கண், புள்ளிக்குப் புள்ளி, முடியை விட மெல்லிசான வெள்ளை நூல், இரண்டு முனையும் இறுகி, நடுவில் தொளதொளவென்று வளைந்து நின்றது. கையுறையாகத் தைத்துவிட்டால் இது உள்ளே போய்விடும்.

சுண்டுவிரலை ஒரு வளையத்துக்குள் விட்டு, குழந்தை கையை ஆட்டுவது போல இரண்டு முறை திருகினார். நூல் விரலைச் சுற்றிக்கொண்டது. இழுத்தார். அது அறுகிற நூல் இல்லை, இறுகியது. விரல் நுனி சிவந்தது. அவருக்கு விரலை எடுக்கத் தெரிந்திருந்தது, எடுத்துவிட்டார். எடுத்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது.

“ஏங்க, பாப்பா காலையிலேருந்து அழுதுகிட்டே இருக்கா” என்றாள் மனைவி. “பால் குடிக்க மாட்டேங்குறா. காய்ச்சல் எதுவும் இல்ல. வயித்து வலியா இருக்குமோ? அழுது அழுது குரலே போயிடுச்சு.”

“கையில கிளவுஸ் இருக்கா?” என்றார்.

“என்னது?”

“முயல் கிளவுஸ். கையில இருக்கா?”

“இருக்கு. ராத்திரி துவைச்சதப் போட்டுவிட்டேன். மூஞ்சியப் பிராண்டிக்குறான்னு கழட்டவே இல்ல. ஏன்?”

“கழட்டு. இப்பவே கழட்டு.”

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பாப்பாவின் அழுகை கேட்டது. குரல் கட்டிப்போன, விட்டு விட்டு வருகிற அழுகை. பிறகு மனைவியின் குரல். “ஒரு கை வந்துடுச்சு. இந்தக் கை வர மாட்டேங்குதுங்க. எங்கயோ மாட்டியிருக்கு. இழுத்தா கத்துறா.”

“இழுக்காத” என்று அவர் போட்ட சத்தத்தில் மெஷின் பக்கத்திலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். அவர் இப்படிக் கத்தி ஒருத்தரும் கேட்டதில்லை. “இழுக்காத, தொடாத, அப்படியே விடு. நான் வரேன்.”

முதலாளி “என்னாச்சுண்ணே?” என்று கேட்டதற்கு, “மெஷின நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னார். மேஜையில் கிடந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டார். அதோடு ஓடினார்.

வீடு தூரமில்லை. இரண்டு சந்து, ஒரு சாலை. சாலையைக் கடக்க அவர் வழக்கமாக நின்று நின்று பார்ப்பார். அன்றைக்கு வண்டிகள் கிறீச்சிட்டு நின்றன, யாரோ திட்டினார்கள், அது அவர் காதில் விழவில்லை. எத்தனையோ வருஷமாக இல்லாததற்கெல்லாம் பயந்த மனசுக்கு இப்போது நிஜமாகவே ஒன்று கிடைத்துவிட்டது. விரல் போய்விடும். இத்தனூண்டு விரல். என் கையால் போய்விடும். இதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாப்பா அழவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை.

“ஜன்னலத் தொற. வெளிச்சம் வேணும்” என்றார். மனைவி திரையை இழுத்தாள். முயல் முகம் பாப்பாவின் புறங்கைப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. நூல் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கும். உள்ளங்கைப் பக்கம் வெறும் துணி. அவர் உள்ளங்கைப் பக்கத் துணியை நகத்தால் தூக்கிப் பிடித்துக் கத்தரியை வைத்தார். கை ஆடியது. எடுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி ஆடியது. மகள் அவர் மணிக்கட்டைத் தன் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்தரி நகர்ந்தது.

துணி விரிந்தது. நடுவிரலில் நூல் சுற்றியிருந்தது. எங்கே சுற்றியிருக்கிறது என்றே தெரியவில்லை, சதைக்குள் போய்விட்டது. அதற்கு மேலே விரல் வீங்கி, கருநீலமாக, அந்தக் கைக்குச் சொந்தமில்லாதது போல நின்றது.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் “அப்பா” என்றாள், அவ்வளவுதான். முயலோடு இணைந்த நூலை அவர் விரலுக்கு அருகே வெட்டி, கையுறையைத் தனியாக எடுத்தார். உள்ளே போன நூலைத் தொட அவருக்குத் தைரியம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூவரும் தெருவுக்கு ஓடி, வந்த முதல் வண்டியை மறித்தார்கள்.

பாப்பா பிறந்த அதே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு விளக்கைத் தாழ்த்தி, கண்ணில் பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “யாரும் பேசாதீங்க” என்றாள். மரத்துப்போக ஊசி போட்டாள். பாப்பாவின் முழங்கையை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஊசி மாதிரியான ஒன்றை விட்டு நூலைத் தேடினாள், கிடைக்கவில்லை, மறுபடி தேடினாள். பாத்தண்ணன் சுவரோடு சுவராக நின்றார். தன் விரலை எடுத்துக்கொண்டு அந்த விரலை விட்டுவிடும்படி மனசுக்குள் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“ம்” என்றாள் டாக்டரம்மா. இடுக்கி நுனியில் வெள்ளையாக ஒரு நூல் துண்டு வந்தது. இன்னொரு சுற்று இருந்தது. அதுவும் வந்தது. “இப்ப ரத்தம் ஏறுதான்னு பாக்கணும்.”

பார்த்தார்கள். விரல் கருநீலமாகவே இருந்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். டாக்டரம்மா விரல் அடியை லேசாக அமுக்கி விட்டாள், மறுபடி அமுக்கினாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு மங்கல் சிவப்பு கிளம்பி, நகம் வரை போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஏறியது. பாப்பாவுக்குக் குரல் திரும்பி வந்தது. அவள் அழுததைக் கேட்டு மனைவியும் வாய்விட்டு அழுதாள்.

“விரல் தப்பிச்சுது” என்றாள் டாக்டரம்மா. “விரல்ல தலைமுடி சுத்திப் பாத்திருக்கேன். இது என்ன நூல்?”

“கிளவுஸ்ல இருந்த நூல்” என்றார் அவர். “நான் போட்ட டிசைன்.”

மகள் நிமிர்ந்தாள். “உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“பின்பக்கம் பாக்கலம்மா. மெஷினே போட்டுக் குடுத்துச்சு. பாக்காம விட்டுட்டேன்.”

“என்னை ஒரு ஊஞ்சல்ல உக்கார விட்டதில்ல நீங்க.” அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “எல்லாத்துக்கும் பயந்தீங்களே. இதுக்கு ஏன்பா பயப்படல?”

“பயந்தேம்மா. சிரிப்பீங்கன்னு சொல்லல.”

தொட்டிலோரம் அவர் கையை எடுத்துக்கொண்ட அந்த நாள் இருவருக்குமே ஞாபகம் வந்தது. அவள் பாப்பாவைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முதலாளி. பாத்தண்ணன் நடந்ததைச் சொன்னார். “பாப்பா நல்லா இருக்கால்ல? அப்ப சரி. அண்ணே, அங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. நான் வந்து பேசிக்கிறேன். நம்ம பொழப்பே இதுல இருக்கு, உங்க பொழப்பும்தான். புரியுதா?” புரிந்தது. வேலை போய்விடும், வீட்டுக்குப் போலீஸ் வரும், ஊர் காறித் துப்பும் என்று எல்லாம் நன்றாகவே புரிந்தது. அவருக்குப் புரியாத பயமே கிடையாது. “இங்க மாடியில எல்லாக் குழந்தை கையிலயும் அதுதான் இருக்கு, முதலாளி” என்று சொல்லிப் போனை அணைத்தார்.

பிறகு டாக்டரம்மாவிடம் அதையே சொன்னார். அவள் ஒரு வினாடி அவரைப் பார்த்துவிட்டு, நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

மாடியில் நீளமான அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலோடும் ஒரு தொட்டில். அவர் வாசலில் நின்றார். எங்கே பார்த்தாலும் முயல். தூங்குகிற கையில் முயல், வாயில் சப்புகிற கையில் முயல், தாயின் மார்பில் பதிந்த கையில் முயல். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. அப்படியே திரும்பிப் படியிறங்கிவிடலாம் என்று கால் சொன்னது.

“எல்லாரும் கொஞ்சம் கவனிங்க” என்றாள் நர்ஸ்.

“அம்மா” என்றார் அவர். “கொழந்தைங்க கையில இருக்குற கிளவுஸையும் கால்ல இருக்குற சாக்ஸையும் கழட்டிடுங்க. இழுக்காம, மெதுவா கழட்டுங்க. வரலன்னா விட்டுடுங்க, நாங்க வந்து வெட்டுறோம். உள்ள நூல் இருக்கு. விரல்ல சுத்திக்கும்.”

“நீங்க யாரு?” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

“அதைச் செஞ்சவன்.”

அறை ஒரே நேரத்தில் அசைந்தது. தூங்கிய குழந்தைகள் எழுந்து கத்தின. அவரும் நர்ஸும் ஆளுக்கொரு வரிசையாகக் கட்டில் கட்டிலாகப் போனார்கள். கழற்றிய கையுறைகளைத் தாய்மார்கள் உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார்கள். திருப்பியவர்கள் எல்லோரும் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தையின் கட்டை விரலில் நூல் ஒரு சுற்று சுற்றியிருந்தது, இன்னும் இறுகவில்லை. அவர் அதை வெட்டி எடுக்கும்போது குழந்தையின் தகப்பன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. வெட்டி முடித்ததும் அவனே விட்டுவிட்டான்.

கையுறைகள் ஒரு பையில் குவிந்தன. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கடைசிக் கட்டிலில் இருந்தவள், தன் குழந்தையின் வெறும் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே, “பக்கத்து பெட்டுல இருந்தவங்க நேத்தே வீட்டுக்குப் போயிட்டாங்களே” என்றாள். “ரெண்டு கையிலயும் இதைத்தான் போட்டு எடுத்துட்டுப் போனாங்க.”

நர்ஸும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளில் எத்தனை பேர் போயிருப்பார்கள். நர்ஸ் அவரைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் வீட்டுக்குப் போனவர்களின் எண்களை எடுத்தாள். அவள் ஒரு போனை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை அவர் முன்னால் நகர்த்தினாள். முதல் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்ததை அழுத்தினார்.

“ஹலோ” என்றாள் ஒரு பெண், களைத்துப் போன குரலில். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“அம்மா, கொழந்தை எதுக்கு அழுவுது?” என்று கேட்டார் அவர்.

“தெரியலைங்க. காலையிலேருந்து நிறுத்தவே மாட்டேங்குறான். நீங்க யாரு பேசறது?”